இரண்டு புள்ளிக் கத்தி

"நல்ல கத்தியெண்டா ரெண்டு புள்ளி இருக்கும்" என்று வாழைச்சேனைக் கடைக்காரர் நீட்டிய கத்தியில், இப்போது தண்ணீருக்குள் போய்விட்ட எங்கள் வாவிக்கரைக் கொல்லுலையின் சிரட்டைக்கரி வாசம் அடித்தது.

உலக யுத்தத்தில் சீமைக் கத்திகள் வராமல்போனபோது, மீன்பிடிக்கும் மீராக் காக்கா தன் வாப்பாவின் கத்தியைப் போல ஒன்று கேட்டு வந்தார். அவரிடம் மிஞ்சியிருந்ததோ வெறும் மர உறை. அந்த வடிவம் கொல்லரான அப்பாவுக்கும் மறந்திருந்தது. துருத்தி ஊதிக்கொண்டிருந்த அம்மாதான் எழுந்து, உறைக்குள் எண்ணெய் தடவி, தேன்மெழுகை உருக்கி ஊற்றி, இறுகியதும் உறையின் கயிற்றை அவிழ்த்து இரண்டு பாதியாய்ப் பிரித்தார். மூக்கு வளைந்த பழைய கத்தி மெழுகாய்க் கிடந்தது.

அதைப் பார்த்து அப்பா அடித்த இரும்பு, உறைக்குள் 'டக்'கென்று உட்கார்ந்தது.

"வாப்பாட கத்தியேதான்!" என்றார் காக்கா.

தன் அடையாளமாக எப்போதும் அலகில் ஒரு புள்ளி குத்தும் அப்பா, அன்று இரண்டு குத்தி அம்மாவிடம் காட்டினார்.

"மற்றது உன்ட."