முழங்காலில் ஊசி போட்டவர்

யாழ்ப்பாணத்தில் ஒரு மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் நீண்ட மர வாங்கில்தான் அவரைக் கண்டேன். நெடிய மனிதர். அடிக்கடி புறங்கையை முழங்காலில் வைத்துச் சூடு பார்ப்பார். பிறவியிலேயே இரத்தம் உறையாத நோய் அவருக்கு. மூட்டுக்குள் இரத்தம் கசிந்தால் முதலில் சூடுதான் தெரியுமாம். இந்தியாவுக்குப் போய் அந்த மூட்டுக்குள் கதிரியக்க ஊசி போட்டு வந்தவர். என் வாத முழங்காலுக்கும் அதையே வைத்தியர் சொல்லியிருந்ததால் அவரிடம் விசாரித்தேன்.

"ஊசி நோகுமோ தம்பி?"

"பெரிசா நோகாது அண்ணை. போட்டாப் பிறகு ரத்தம் கசியேல்லை. இப்ப நல்லா நடக்கிறன்."

"பிறகென்ன, வீட்டிலை எல்லாருக்கும் சந்தோஷம்தானே?"

"மனுசி பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உடுப்பிட்டிக்குத் தாய் வீட்டை போயிட்டா. என்ரை மடியிலை இருந்தால் பிள்ளைக்கும் கதிர் பிடிச்சிடுமாம். அந்த மருந்தின்ரை வேகம் அடங்கிக் கனகாலம், பயப்பிட ஒண்டுமில்லை எண்டு டொக்டரே சொன்னவர். ஆர் கேக்கிறது?"

எழும்பி அவருக்குப் பக்கத்தில் நெருங்கி அமர்ந்தேன். அவர் என் முகத்தைப் பாராமல் வாங்கின் விளிம்புவரை தள்ளிப் போய் இருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று அவ்வளவு தெளிவாகச் சொன்ன மனிதர் ஏன் விலகினார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.