நூற்று ஒன்றை அவள் பார்க்கவில்லை

கம்பத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்த பிறகு மகள் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வீட்டில் ஓயாமல் பேசுகிறவள். மலையாளத்தில் ஒரு வார்த்தை பிசகினால் 'பாண்டி' என்று தமிழரைக் கேலி செய்யும் பேரைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். ஊரிலேயே இருந்திருக்கலாமோ என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அவள் படிக்கும் ஐந்தாம் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய எண்ணைத் தன் எண்ணாக எடுத்து, அதன் குணங்களைப் பெற்றோர் முன்னால் சொல்ல வேண்டும். போனைத் தொடக்கூடாது. இவள் எடுத்தது 10,403. இலக்கங்களைக் கூட்டினால் எட்டு, அதனால் மூன்றால் வகுபடாது. ஏழால் வகுத்தால் ஒன்று மிச்சம், பதின்மூன்றால் வகுத்தால் மூன்று. கொச்சங்காடியில் நாங்கள் இருக்கும் மாடி வீட்டுச் சுவரில் பகா எண் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் உள்ள தொண்ணூற்றேழு வரை வகுத்துவிட்டாள்.

"இதுவும் பகா எண்தாம்மா! யாராலயும் உடைக்க முடியாது!"

பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அட்டவணை நூறோடு முடிந்துவிடும். நூறை நூறால் பெருக்கினால் பத்தாயிரம்தான். இவள் எண் அதைவிடப் பெரியது. அப்படியானால் அடுத்த பகா எண்ணையும் பார்த்தாக வேண்டும். உள்ளங்கையில் விரலால் போட்டுப் பார்த்தேன். நூற்று ஒன்றை நூற்று மூன்றால் பெருக்கினால் சரியாக 10,403.

அதற்குள் அவள் முன்னால் போய் நின்றுவிட்டாள். மலையாளத்தில், அத்தனை பேர் முன்னால், சத்தமாகச் சொன்னாள்: "ஆர்க்கும் இதினெ ஹரிக்கான் பற்றில்லா!" யாராலும் வகுக்க முடியாதாம்.

பிள்ளைகள் விடவில்லை. "பதினேழு?"

"இல்லா!"

"முப்பத்தியொன்னு?"

"இல்லா! வேற நோக்கிக்கோ!"

சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். அந்தப் பள்ளியில் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. கை தூக்கி நிறுத்தலாமா? நிறுத்தினால் இனி எப்போது வாய் திறப்பாள்?

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் குரல். "எடி பாண்டி, நூற்றியொன்னு நோக்கியோ?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பையின் ஜிப்பை மூடினேன்.

"நாளெ பறயாம்," என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று. குரல் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பென்சிலை எடுத்தாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நூத்தி நாலுல ஒரு தடவை. மிச்சம் மூணு. சைபரை இறக்கு... மூணை இறக்கு... முந்நூத்தி மூணு..."

பென்சில் நின்றது.

"நாளைக்கு லீவு போட்டுறவாம்மா?"

போ என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை, இரு என்று சொல்லவும் துணிவில்லை. "முதல்ல சாயாவைக் குடி," என்றேன்.