குசினிக் கதவில் ஒட்டிய போட்டி

குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு மேடம் மாதத்துக்கு ஒரு போட்டி வைப்பா. குடும்பம் முழுவதும் சேர்ந்து செய்யவேண்டிய போட்டி. ஒரு மாதம் எல்லோரும் விடிய எழும்பி ஒன்றாக நடக்கவேண்டும். இன்னொரு மாதம் போனைத் தொடாமல் ஒன்றாக இருந்து சாப்பிடவேண்டும். பிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டி, செய்து முடித்தவரின் பெயருக்கு நேரே மினுங்குகிற நட்சத்திரம் ஒட்டுவா. அந்தப் பிள்ளைகள் தகப்பனின் முதுகில் ஏறிக் கூத்தடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் குசினியில் கோப்பை கழுவுவேன். பொறுங்கோ, நானும் ஊருக்குப் போய் வைக்கிறன் போட்டி என்று மனதுக்குள் கறுவிக்கொள்வேன். ஆறு வருடம் முடிந்து திரும்பும்போது என் பெட்டிக்குள் பால்மா, சோப்பு, உடுப்புகளோடு நட்சத்திரத் தாள்களும் நான்கு வந்தன.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, வாய்க்கால் ஓரத்தில். நான் வெளிநாடு போகும்போது பெரியவளுக்குப் பதினொரு வயது, சின்னவளுக்கு மூன்று. பெரியவள் தகப்பனோடு வீட்டில் நின்றுவிட்டாள். சின்னவளை நெளுக்குளத்திலிருந்த என் அக்கா வளர்த்தாள். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் வந்து இறங்கிய கிழமையே நெளுக்குளத்துக்குப் போய்ச் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். என் பிள்ளையை நான் கூட்டி வருகிறேன், இதில் யாரிடம் என்ன கேட்கக் கிடக்கு என்றிருந்தேன். அக்கா வாசல் படலைவரை வந்து உடுப்புப் பையைத் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சின்னவள் அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அவள் அழவே இல்லை. கொடுத்ததைச் சாப்பிட்டாள், படுத்த பாயை மடித்து வைத்தாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். என்னை மட்டும் எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டாள். ஏதும் தேவை என்றால் கிட்ட வந்து, நான் திரும்பிப் பார்க்கும்வரை பேசாமல் நிற்பாள். யாரோ வீட்டில் விருந்துக்கு நிற்கிற பிள்ளை போல அவ்வளவு அடக்கம். இரண்டு மாதமாகியும் ‘அம்மா’ என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. எனக்கோ பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒருநாள், “வாயில என்ன கொழுக்கட்டையோ? அம்மா எண்டு கூப்பிட்டால் என்ன?” என்று கத்தியே விட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம்” என்றாள். அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் பெட்டிக்குள் கிடந்த நட்சத்திரங்கள் ஞாபகம் வந்தன. இரண்டு நாள் இருந்து திட்டம் போட்டேன். பின் வளவில் நான்கு வரிசை பயித்தை நடுவது. நாற்பத்தைந்து நாளில் எங்கள் கையால் வளர்த்த பயித்தங்காயில் ஒரு கறி. தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன் நான்கு பேரும் சேர்ந்து தண்ணீர் ஊற்றவேண்டும். மோட்டர் போடக்கூடாது, வாளிதான். கிணற்றடியிலிருந்து கைக்குக் கை மாறிப் போகவேண்டும்.

“மோட்டர் இருக்கேக்க வாளியோ? ஊர்ச்சனம் சிரிக்கப்போகுது” என்றார் இவர்.

“சிரிச்சிட்டுப் போகட்டும். உங்களுக்கு எங்க நோகுது?”

“அம்மா, இதுக்கு எனக்குச் சம்பளம் உண்டோ?” என்றாள் பெரியவள்.

“ஓம், பூவரசங் கம்பால தாறன்.”

வரிசையையும் நானே வகுத்தேன். கிணற்றடியில் இவர், அடுத்து பெரியவள், பிறகு நான், கடைசியில் கன்றுகளுக்குப் பக்கத்தில் சின்னவள். ஒவ்வொரு வாளியும் என் கையிலிருந்துதான் அவள் கைக்குப் போகும். நாற்பத்தைந்து நாள் கையோடு கை பட்டால் மனம் இளகாதா? பெரிய மூளைக்காரி என்று நினைப்பு எனக்கு.

அட்டவணையைக் குசினிக் கதவில் ஒட்டி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். விடிய வந்து வாளி தூக்குகிறவரின் பெயருக்கு நேரே நான் ஒரு நட்சத்திரம் ஒட்டுவேன். சின்னவள் பாடப்புத்தகத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தாள். அந்த முகத்தைக் கண்டதும், யோசிக்காமல், என் வாய் சொல்லிவிட்டது.

“எல்லாரையும்விடக் கூட நட்சத்திரம் எடுக்கிற ஆள் என்ன கேட்டாலும் நான் தருவன்.”

அவள் நிமிர்ந்தாள். “என்ன கேட்டாலுமோ?”

அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. “என்ன கேட்டாலும். அம்மா சொன்னால் சொன்னதுதான்” என்றேன்.

அடுத்த நாளிலிருந்து பிள்ளை வேறு பிள்ளை. எங்களுக்கு முன்னே எழும்பி, தகப்பனின் போர்வையைப் பிடித்து இழுப்பாள். வாளியை வாங்கும்போது, “கெதியா, கெதியா” என்று என்னையே விரட்டுவாள். ஒருநாள் இவர் கால் வழுக்கி வாளியோடு சேற்றில் இருக்க, நான்கு பேரும் வயிறு நோகச் சிரித்தோம். குரங்குகள் வந்த அன்று ஆளுக்கொரு தகரத்தைத் தட்டிக்கொண்டு வளவு முழுக்க ஓடினோம். அந்த மாதம் யானை வந்து பக்கத்து வளவு வாழைகளை முறித்துவிட்டுப் போனது. விடியப் பின்பக்கம் ஓடிப் பார்த்த சின்னவள், “எங்கட பயித்தை தப்பிட்டுது!” என்று கத்தினாள். எங்கட என்றாள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் ஒரு கிழமை உயிர் வாழ்ந்தேன்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டேன். சின்னவள் என் இடத்துக்கும் தன் இடத்துக்கும் மாறி மாறி ஓடி வாளி தூக்கினாள். பிறகு கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்துவிட்டு, “நாளைக்கு எழும்புவியளோ? மூண்டு நாள் நட்சத்திரம் ஒட்டாமல் கிடக்கு” என்று கேட்டாள். என் பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு கரிசனை என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். அன்றைக்கே அக்காவுக்கு அழைப்பு எடுத்து, “பிள்ளை என்னோட நல்லா ஒட்டிட்டாள்” என்று பெருமையடித்தேன். அக்கா, “சந்தோசம்” என்றாள். வேறு கதையில்லை, வைத்துவிட்டாள்.

நாற்பத்தைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேரும் பயித்தங்காய் ஆய்ந்தோம், பெரியவள் தேங்காய் திருவினாள், நான் பால்கறி வைத்தேன். மத்தியானம் பாயை விரித்து எல்லோரும் ஒன்றாக இருந்தோம். வாழ்நாளில் அப்படி ஒரு கறி நான் தின்னவில்லை. சின்னவள்தான் எல்லோரையும்விட வேகமாகச் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து கதவடியில் நின்று நட்சத்திரங்களை எண்ணினாள். எண்ணத் தேவையே இல்லை, அவள் பெயருக்கு நேரேதான் ஒரு இடமும் வெறுமையாக இல்லை. கிளிநொச்சியில் ஒரு கடையில் ஊதா நிறச் சைக்கிள் ஒன்றை நான் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன்.

“சொல்லுங்கோ குஞ்சு, என்ன வேணும்?” என்றேன்.

வகுப்பில் பாட்டுச் சொல்ல எழும்புகிற பிள்ளை போல நேராக நின்றாள். “நான் நெளுக்குளத்துக்குப் போகவேணும்.”

“லீவுக்குத்தானே? எல்லாருமாப் போவம்.”

“இல்லை. பெரியம்மாவோட இருக்க. பள்ளிக்கூடமும் அங்கதான்.”

பெரியவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். இவர் என்னைக் குசினிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். “சின்னப்பிள்ளைக் கதை. தவணை முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு சொல்லிச் சமாளி. மறந்திடுவாள்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அட்டவணையைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். ஆறு வருடம் ஆருக்காக அங்கே கிடந்து மாய்ந்தேன்? ஆனால் இவர் சொன்ன ‘சமாளி’ என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. ஆறு வருடத்துக்கு முன் நெளுக்குளத்தில் வைத்து அவளைச் சமாளித்தவள் நான்தான். “அம்மா கடைக்குப் போட்டு வாறன், டொபி வாங்கி வாறன்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறப் போனேன். வெளிநாடு போகிற தாய்மார் இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். பிள்ளை அழுது காலைக் கட்டினால் வெளிக்கிட மனம் வராது என்று. அவள் அன்று மத்தியானம்வரை படலையைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், பிறகு ஒரு மாதமாகக் கடைப்பக்கமிருந்து வருகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்டதையும் அக்கா எனக்குப் போனில் சொன்னாள். அதே பிள்ளையிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லி மறிக்கவும் வழி தெரியவில்லை. என்ன கேட்டாலும் தருவன் என்றவளும் நான்தானே.

திரும்பிப் போனேன். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“எப்ப போகவேணும்?” என்றேன்.

“நாளைக்கு ஏலுமோ?”

“ஓம். காலமை முதல் பஸ்ஸில போவம்.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், நம்பலாமா கூடாதா என்பதுபோல. நான் இன்னொரு தரம், “ஓம்” என்றேன். ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்து, வயிற்றில் முகத்தை அழுத்திக்கொண்டு, “தாங்ஸ் அம்மா” என்றாள். நான் சாப்பிட்ட கை இன்னும் கழுவாமல் இருந்தது. அவளுடைய சட்டையில் கறி பட்டுவிடும் என்று அந்தக் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.