பம்புசெட்டில் குளித்த சைக்கிள்கள்

காலை 6.40. காஞ்சிபுரத்தில் தோழியின் வீட்டிலிருந்து புறப்பட்டேன். சைக்கிள் அவள் மகளுடையது. பதினோராம் வகுப்பில் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது. மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால் சும்மா நின்றது. “பூஜைக்கு ஓஸ் பைப் வெச்சு நானே கழுவினேன், எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க” என்றார் தோழியின் கணவர். ஆயுத பூஜை முடிந்து இரண்டு வாரம் ஆகியும் ஹேண்டில்பாரில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. உத்திரமேரூர் இருபத்தெட்டு கிலோமீட்டர். கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. கோயம்புத்தூரிலிருந்து வந்த நாற்பத்தெட்டு வயதுக்காரிக்கு இது கொஞ்சம் அதிகப்படியான கணக்குதான்.

7.30. ஓரிக்கை தாண்டிப் பாலாற்றுப் பாலம். ஆற்றில் மணல் நிறைய, தண்ணீர் ஓர் ஓரமாக. பாலத்தில் லாரிகள் என்னை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை.

9.15. மாகறலில் நான்கு இட்லி, ஒரு வடை, நாற்பத்தைந்து ரூபாய். சாம்பாரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கிருந்து நேராகப் போயிருக்க வேண்டும். செய்யாற்றங்கரையைப் பார்க்கும் ஆசையில் காவாந்தண்டலம் பக்கம் திரும்பினேன். இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல்கள். பின்சக்கரத்திலிருந்து மிளகு அரைப்பது போல ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. காதில் வாங்காமல் மிதித்தேன். பதினொரு மணிக்கு மிதிக்கவே முடியவில்லை; தள்ளினேன்.

12.10. சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட சைக்கிள் கடை. கடைக்காரர் முனுசாமிக்கு நாற்பது வயதிருக்கும். கடைக்கு முன்னால் ஐந்தாறு சைக்கிள்கள் தலைகீழாகக் கிடந்தன, எல்லாவற்றிலும் சந்தனப் பொட்டு. என் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

“இன்னாம்மா, இதையும் குளிப்பாட்டி வுட்டீங்களா?”

“எங்க வீட்டில் இல்லை. தோழி வீட்டில்.”

“எல்லா வூட்லயும் அதான். இந்தப் பக்கம் பம்புசெட்டுல தண்ணி கொட்ற எடத்துலயே சக்கரத்தக் காட்டி நிப்பாங்க. அழுக்கு போவுதுன்னு நெனைக்கிறாங்க. உள்ள இருக்கற கிரீஸு போவுது. பூஜைக்குப் பொட்டு வெச்சிட்டு, மறுவாரம் எங்கிட்ட வந்து நிக்கறாங்க. எனக்கு இதான் சீசனு.”

குறைப்பட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை. சக்கரத்தைக் கழற்றி, நடுவிலிருந்த ஹப்பைத் திறந்தார். அச்சைச் சுற்றிப் பேரிங் குண்டுகள் செங்காவி நிறத் துருவில் கிடந்தன. பழையதை எல்லாம் வழித்துப் போட்டு, மண்ணெண்ணெயில் துடைத்து, விரலால் கிரீஸ் அப்பி, புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். கிரீஸ்தான் அவற்றைப் பிடித்துக்கொண்டது.

12.50. ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடி வந்தாள். நீலச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் ஸ்டெல்லா. கம்பெனி வேன் ஒன்றரைக்குக் கூட்டுரோட்டுக்கு வரும், நான்கு கிலோமீட்டர். பின்சக்கரம் அசையவே இல்லை.

“அண்ணா, சீக்கிரம்ணா. போன வாரம் ஒரு நாள் வேன வுட்டுட்டேன். இன்னொரு வாட்டி வுட்டா வேலைக்கே வராதன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.”

“நீங்கதான் பூஜை பண்ணமாட்டீங்களே. உன் சைக்கிள யாரு கழுவுனது?”

“தம்பிதான். எல்லாரும் குளிப்பாட்டறாங்கன்னு இதையும் இட்டுக்கினு போய்ட்டான்.”

முனுசாமி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “அர மணி நேரமாவது ஆவும்மா.”

ஸ்டெல்லா அழவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு வண்டியும் வரவில்லை. போனை எடுத்து யாரையோ கூப்பிட்டாள், எடுக்கவில்லை. என் சக்கரம் முக்கால்வாசி முடிந்திருந்தது. நான் தரும சிந்தனையில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னொருத்தியின் சைக்கிளைத் தூக்கிக் கொடுக்க எவ்வளவு மனசு வேண்டும்?

“இதில் போ. உன்னுடையது சரியானதும் நான் ஓட்டிக்கொண்டு வந்து கூட்டுரோட்டில் மாற்றிக்கொள்கிறேன்.”

அவள் முனுசாமியைப் பார்த்தாள். அவர் அதற்குள் சக்கரத்தை மாட்டத் தொடங்கியிருந்தார். அச்சின் மேல் குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினார். வழக்கமாக நான்கைந்து தடவை சுற்றிப் பார்ப்பாராம். இப்போது ஒரே தடவை.

“டைட்டா கீதா லூசா கீதான்னு ஓட்டனாத்தான் தெரியும். இறுகனா எறங்கி ஓடு.”

1.10. போய்விட்டாள். தாங்க்ஸ் சொல்லவில்லை; சொல்ல நேரமில்லை.

அவள் சைக்கிளில் வேலை ஆகும்வரை பலகையில் உட்கார்ந்திருந்தேன். இன்றுதான் பார்த்த ஒரு பெண்ணின் வேனுக்காகப் போனில் மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முனுசாமி குனிந்து வேலையைப் பார்த்தார். ஒரே ஒரு முறை, “இன்னும் ரெண்டு சுத்து சுத்திப் பாத்திருக்கணும்” என்றார். ஒன்றரை மணி ஆனபோது இருவருமே சாலையைப் பார்த்தோம். அவள் திரும்பித் தள்ளிக்கொண்டு வரவில்லை. அதில் ஒன்றும் நிச்சயமில்லை. பாதி வழியில் நின்றுகொண்டுகூட இருக்கலாம்.

2.05. இரண்டு சைக்கிளுக்கும் சேர்த்து இருநூற்று நாற்பது ரூபாய் நீட்டினேன். என்னுடையதற்கு மட்டும் நூற்றிருபது எடுத்துக்கொண்டார். “அவ வந்து குடுப்பா. ஏறிட்டாளான்னு பாத்துட்டு, ஒரு போன் மட்டும் போடுங்க.” நம்பர் கொடுத்தார்.

அவள் சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது. நான்கு கிலோமீட்டரும் சாலையோரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு மைனா, இரண்டு ஆடுகள். அவள் இல்லை.

2.25. கூட்டுரோடு. டீக்கடையை ஒட்டிச் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. என்னுடையது அதில் இல்லை. பிறகுதான் பார்த்தேன். சாலைக்கு மறுபக்கம், மண்ணில் சாய்ந்து கிடந்தது. பூட்டவில்லை, சாவி அதிலேயே தொங்கியது.

டீக்கடைக்கார அம்மா கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “ஸ்டெல்லா வண்டியா? வேன் கெளம்பிடுச்சி. அந்தப் பொண்ணு சைக்கிள அப்டியே கீழ வுட்டுட்டுப் பின்னாடியே ஓடிச்சி. உள்ள இருந்த பொண்ணுங்க கத்திக்கினு கைய நீட்டி இழுத்துப் போட்டுக்கினாங்க.”

நடுச்சாலையில் நின்று, சத்தமாகச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

முனுசாமிக்குப் போன் போட்டேன். “ஏறிட்டாளா?” என்றார். “ஏறிட்டாள்.” “அப்ப கோனு சரியாத்தான் கீது” என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஸ்டெல்லாவின் சைக்கிளைப் பூட்டிச் சாவியை டீக்கடையில் கொடுத்தேன். உத்திரமேரூருக்கு இனி நேரமில்லை. காஞ்சிபுரம் பக்கம் திரும்பினேன். எங்கள் கோயம்புத்தூர்க் குடியிருப்பில் அடுத்த வீட்டுக்காரர் எந்த வேனில் வேலைக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. ஸ்டெல்லா கீழே விட்டதில் ஹேண்டில்பார் இடப்பக்கம் கோணியிருந்தது. தோழியின் கணவர் கேட்டால், நான்தான் விழுந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.