எதிர்வீட்டு பால்கனிக்கு நான் கொடுத்த தூண்

கட்டடப் பொறியியலில் ‘இன்டிடெர்மினசி’ (நிர்ணயிக்க முடியாமை) என்ற பாடத்தைப் படாளம் தாண்டி ஒரு கல்லூரியில் வெகுகாலமாக நடத்தி வருகிற நான், எதிர்வீட்டு பால்கனிக்குத் தூண் வைக்கச் சொல்லி, அதில் விரிசல் விழவைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிட வெட்கம், தூண் எழும்பிய அதே வாரம் வகுப்பில் நான் நடத்திக்கொண்டிருந்தது, அப்படித் தூண் வைத்தால் என்ன ஆகும் என்பதைத்தான்.

பாடம் பெயரளவுக்குப் பயங்கரமானதல்ல. ஒரு பீரோவை இரண்டு பேர் தூக்கினால் யார் கையில் எவ்வளவு பாரம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். மூன்றாவதாக ஒருவர் வந்து நடுவில் கை கொடுத்தால் கணக்கு படுத்துவிடும். அவர் தூக்குகிறாரா, தொட்டுக்கொண்டு வருகிறாரா, பீரோவைப் பிடித்துத் தொங்குகிறாரா என்று வெறும் சமநிலைச் சூத்திரத்தால் சொல்ல முடியாது. இது ஸ்டேட்டிக் வகை. கைனமாடிக் வகையில் கேள்வி வேறு: எந்தெந்த இடம் நகரலாம், திரும்பலாம், அப்படி எத்தனை அசைவுகளைக் கண்டுபிடிக்க வேண்டும்? தாங்கல் ஒன்று கூடினால் அசையும் சுதந்திரம் ஒன்று குறையும். மாணவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். நான் குழப்பிக்கொள்வதில்லை. வகுப்பை விட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுவேன்.

எங்கள் வீடு செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பக்கம், ஏரித் தண்ணீரில் நெல் விளைந்து பிறகு மனையான இடத்தில் இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அவர் மனைவி பல வருடம் விடியும் முன்பே கம்பெனி பஸ் ஏறிப் போய், ஏற்றுமதித் துணி தைத்துவிட்டு, இருட்டிய பிறகு வீடு வந்தவர். சொந்தமாக மோட்டார் தையல் மிஷின் வாங்கி மாடி பால்கனியில் போட்ட பிறகு கம்பெனிக்கு முழுக்குப் போட்டார். ஆவணி முகூர்த்தங்களுக்கான கல்யாண ஜாக்கெட்டுகள் குவியத் தொடங்கின. ஆனால் மிஷின் ஓடும்போதெல்லாம் பால்கனி நடுங்கியது. பயந்துபோய் என்னிடம் யோசனை கேட்டார்.

அவர் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். நுனியில் ஒரு தூண் வையுங்கள், கூட ஒரு தாங்கல் இருந்தால் நல்லதுதானே என்றேன். கணக்கு எதுவும் போடவில்லை. டீ நன்றாக இருந்தது.

தூண் எழும்பியது. டைல்ஸ் ஒட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காயும் உடைத்தார்கள். நடுக்கம் நின்றது. அந்தத் தெருவில் கொஞ்ச நாள் என் நடையே மாறிப்போயிருந்தது.

பிறகு மழை. எங்கள் பக்கத்துக் களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும். வீட்டின் அஸ்திவாரம் ஆழத்தில் இருந்தது. தூணுக்கு முழங்கால் ஆழம்தான் தோண்டியிருந்தார்கள். மண் தூணை மட்டும் மேலே தள்ளியது. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியைப் பாரம் கீழ்நோக்கித்தான் வளைக்கும் என்பதால் கம்பியை மேல்பக்கம் போடுவார்கள். என் தூணோ அடியிலிருந்து முட்டியது. கம்பியில்லாத அடிப்பக்கம் குறுக்கே பிளந்தது. தூண் இல்லாமல் விட்டிருந்தால், மண் உப்பினால் என்ன, அமுங்கினால் என்ன, பால்கனிக்குத் தெரிந்தே இருக்காது.

விரிசலைக் கேள்விப்பட்டு நான் போனபோது மிஷின் ஹாலில் ஒரு மூலையில், துணி போர்த்தி நின்றது.

“நான்தான் சார் ரொம்ப ஓட்டிட்டேன்” என்றார் ஆம்புலன்ஸ்காரரின் மனைவி. “ராவும் பகலும் மிஷின் வுட்டா வூடு தாங்குமா? கம்பெனில திரும்ப சேத்துக்குவாங்களான்னு கேட்டுகினு கீறேன்.”

குற்றம் முழுவதையும் ஒருத்தராகச் சுமக்கத் தயாராக நின்றார். நான் வாயைத் திறக்காமல் வந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. திறந்தேன். விரிசலுக்குக் காரணம் மிஷின் இல்லை, தூண். தூணுக்குக் காரணம் நான் என்றேன். அவர் நம்பவில்லை. தாங்க வைத்தது எப்படி உடைக்கும்? அவருடைய தையல் ஸ்கேலை மேஜை விளிம்பில் நீட்டி வைத்து, ஒரு முனையை அவரையே அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை அடியிலிருந்து விரலால் தள்ளினேன். ஸ்கேல் மேல்நோக்கி வளைந்தது. மறு கையால் அவரும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். “அப்ப நான் இல்லியா சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “இன்னா சார், நல்லதுக்குத்தான சொன்னீங்க, வுடுங்க” என்று என்னைத் தேற்றினார். திட்டியிருக்கலாம்.

ஆனால் தேங்காய் உடைத்த தூணை இடிக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பாடம் நடத்தாமல் நிஜமாகவே கட்டடம் கட்டுகிற என் நண்பர் வந்து பார்த்தார். மேல்கம்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அவர் சொன்னபடி தூணின் தலையில் இரண்டு விரல் அளவு சீவியெடுத்து, பால்கனியைத் தொடாமல் விட்டோம். அடிப்பக்க விரிசலை அடைத்தோம். நுனியில் கிடந்த மிஷினை, நடுக்கம் குறைவாக இருக்கும் சுவரோரம் தள்ளி, காலடியில் ரப்பர் பாய் போட்டோம். அடுத்த வாரம் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையைத் தாண்டியபோது, மேலே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஜாக்கெட் வாங்க வந்த ஒரு பெண், மேலே இடைவெளி விட்டு நிற்கும் அந்தத் தூண் எதற்கு என்று விசாரித்தார். நான் என் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். ஆம்புலன்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“அது நம்ம சாரு மாதிரிம்மா. எதையும் தாங்காது. சும்மா கூட நிக்கும்.”