அத்தைக்கு வாங்கிய ஆட்டம்

“1943 கிறிஸ்துமஸ். அண்ணன் கொடுத்தது.”

வட்டமான ஒரு மரப்பலகையின் அடிப்பக்கத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறது. கையெழுத்து என் அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பலகையின் மேல்பக்கத்தில் சிலுவை வடிவமாகக் குழிகள் இருக்கின்றன. ஆட்டம் தொடங்கும்போது நடுக்குழியைத் தவிர மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிக் கோலி இருக்க வேண்டும். ஒரு கோலி அடுத்ததைத் தாண்டிக் குதித்தால், தாண்டப்பட்டதை வெளியே எடுத்துவிட வேண்டும். கடைசியில் நடுக்குழியில் ஒன்றே ஒன்று மிஞ்சினால் வெற்றி. ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய ஆட்டம்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் சனிக்கிழமையில் வந்தது. நினைவை நம்பாமல் பழைய நாட்காட்டியைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாந்தோமில், கடல் காற்றில் சன்னல் கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டே இருந்த ஒரு வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி, அத்தை ஆகிய ஐந்து பேரும் இருந்தோம். அப்பா பங்குப் பள்ளியில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயில் நடத்திய பள்ளியில், ஆசிரியர். அத்தையும் ஆசிரியைதான், மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில்.

டிசம்பர் பிறந்தால் அத்தைக்கு ஒரு வேலை வந்துவிடும். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று எல்லா வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டோடு ஒரு பலகை ஆட்டமும் போகும். எந்த வீட்டுக்கு எந்த ஆட்டம் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். அதற்கு அவள் வைத்திருந்த கணக்கு தலைக்கணக்கு. நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு லூடோ. பிள்ளைகள் அதிகமென்றால் பாம்பும் ஏணியும். கணவன் மனைவி மட்டும் என்றால், இரண்டு பேர் காய் நகர்த்தி ஆடும் டிராஃப்ட்ஸ். பக்கத்துத் தெருவில் ஒரு தமிழாசிரியரும் அவர் மனைவியும் ஏதோ கோபத்தில் மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்கும் டிராஃப்ட்ஸ்தான் போயிற்று. “வாயத் தொறக்காமலே ஆடலாமே” என்றாள் அத்தை.

இன்னொரு வருடம், கல்யாணமாகி ஒரே குழந்தையோடு இருந்த அம்மாவின் தோழிக்கு நாலு பேர் ஆடும் லூடோவைக் கொடுத்தனுப்பினாள். அந்த அம்மாள் மறுநாளே முகம் சிவக்க வந்து, “நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லவே இல்லியே, உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வட்டாரத்தில் அத்தையின் ஆட்டப் பெட்டி வந்தால் எல்லோரும் முதலில் எத்தனை பேர் ஆடுவது என்றுதான் பார்ப்பார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் அவளிடம் இருந்தது. எதிர்வீட்டில் தனியாக இருந்த விதவை ஒருவருக்குப் பரிசு தேர்ந்தெடுத்தபோது, ஒருவர் ஆடும் ஆட்டம் ஒன்றைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினார். அத்தை அதைத் தொடக்கூட இல்லை. டிராஃப்ட்ஸ் வாங்கினாள். ஏன் என்று நான் கேட்டேன்.

“தனியா இருக்கறவங்களுக்குத் தனியா ஆடறத குடுக்கக் கூடாதுடி. ரெண்டு பேர் ஆட்டம் குடுத்தா, இன்னொருத்தர் வந்துதானே ஆகணும்?”

யாரும் வரவில்லை என்றால் அவளே போய் உட்கார்ந்து ஆடிவிட்டு வருவாள்.

எங்கள் வீட்டுக்கு 1943ஆம் வருடமெல்லாம் வந்துகொண்டிருந்தவரை நானும் தம்பியும் சர்வேயர் மாமா என்று கூப்பிட்டோம். மாமா முறையெல்லாம் இல்லை. அடையாற்றில் குடியிருந்தார், நில அளவை அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பாலத்தைத் தாண்டிச் சைக்கிளில் வருவார். கூடத்தில் அத்தையும் அவரும் டிராஃப்ட்ஸ் ஆடுவார்கள். அம்மா பக்கத்திலேயே அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க நிலத்த அளக்கறதும் இப்படித்தானா? பாக்காமலே காய நகத்துறீங்க” என்பாள் அத்தை.

“பாத்துக்கினுதான் இருக்கேன். காயத்தான் பாக்கல” என்பார் அவர்.

அம்மா முறத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தட்டுவாள்.

அவர் புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் பங்கில் அது சிறிய விஷயமில்லை. வேறு சபையில் பெண் கொடுத்த வீட்டைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசுவார்கள். பங்குப் பள்ளி ஆசிரியர் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். நவம்பர் கடைசியில் அவர் அப்பாவிடம் வந்து அத்தையைப் பெண் கேட்டுவிட்டார். அப்பா, “கிறிஸ்துமஸ் கழியட்டும், சொல்றேன்” என்றார். இதெல்லாம் அம்மா எனக்குப் பல வருடங்கள் கழித்துச் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஞாயிற்றுக்கிழமைகளில் டிராஃப்ட்ஸ் பலகை அலமாரியிலேயே இருந்தது என்பதுதான்.

டிசம்பர் நடுவில் ஒருநாள் மாலை, அத்தை மேசையில் பெட்டிகளைப் பரப்பிப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். யுத்தகாலம், வண்ணக் காகிதம் கிடைக்கவில்லை. அப்பா கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எல்லார் வீட்டுக்கும் நானே பாத்து வாங்கறேன். எனக்கு யார் வாங்கறது?”

“உனக்கு இன்னா வேணும் சொல்லு.”

“நான் சொல்லக் கூடாது. இந்த வருஷம் நீங்களே ஒண்ணு பாத்து வாங்கிக் குடுங்க. என் வீட்டுக்கு எத்தன பேர்னு நீங்கதான் சொல்லணும்.”

அப்பா நோட்டிலிருந்து நிமிரவில்லை. நான்தான் முந்திக்கொண்டு, “நம்ம வீட்டுக்கு அஞ்சு பேர் அத்தை” என்றேன். அத்தை சிரித்து என் தலையில் தட்டினாள். சிவப்பு மை ஒரே இடத்தில் ஊறி நோட்டில் பெரிய பொட்டாகப் பரவியதை நான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை, அதாவது 18ஆம் தேதி, அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு டிராமில் போய், மூர் மார்க்கெட்டில் பழைய சாமான்களும் விளையாட்டுச் சாமான்களும் விற்ற ஒரு கடைக்குப் போனார். என் ஞாபகம் அங்கே கொஞ்சம் பிசகுகிறது, காரணம் கிளிகள். எதிர்க்கடையில் கூண்டு கூண்டாகக் கிளிகள் இருந்தன. நான் அங்கேயே நின்றுவிட்டேன். கடைக்காரரின் குரல் மட்டும் காதில் விழுந்தது.

“சண்ட நடக்கற நேரத்துல கப்பல்ல இன்னா சார் வரும்? கீறதப் பாத்து எட்துக்க சார்.”

ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அப்பா கைக்கொரு பெட்டியை வைத்திருந்தார். வலது கையில் இருந்தது கனமான பெட்டி. கை சற்றுத் தாழ்ந்திருந்தது. இடது கையில் இருந்தது சதுரமாக, தட்டையாக இருந்தது. நான் மறுபடி கிளிகளிடம் போய், ஒரு கிளியை மூன்று முறை பேசவைக்கப் பார்த்துத் தோற்று, திரும்பியபோதும் அப்பா அப்படியேதான் நின்றிருந்தார்.

“இன்னா சார், தராசாட்டம் நிக்கறே? ரெண்டையும் எட்துக்கினு போயேன்” என்றார் கடைக்காரர்.

அப்பா சிரிக்கவில்லை. டிராமில் திரும்பும்போது அவர் மடியில் ஒரே பெட்டிதான் இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் உள்ளே ஏதோ உருண்டது. என்ன என்று கேட்டேன். “அத்தைக்கு” என்றார்.

கிறிஸ்துமஸ் அன்று மதிய விருந்துக்குச் சர்வேயர் மாமா வந்திருந்தார். அவரை வரச் சொன்னது அம்மா. அத்தை பட்டுப்புடவை கட்டியிருந்தாள். சாப்பாடு முடிந்து, பரிசுகள் பிரிக்கும் நேரம் வந்தது. எனக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரு பாம்பும் ஏணியும், மெல்லிய அட்டையில். அதன் மடிப்பு அப்போதே பிய்ந்திருந்தது. பிறகு அப்பா உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து அத்தையின் கையில் கொடுத்தார்.

அத்தை நூலை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்தாள். மூடியைத் திறந்ததும் கோலிகளின் மேல் சன்னல் வெளிச்சம் விழுந்தது. பச்சை, நீலம், தேன் நிறம், உள்ளே வெள்ளைச் சுருள் ஓடியவை. அவ்வளவு அழகான பொருள் எங்கள் வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்பாவுக்கு என்னைவிட அத்தையைத்தான் பிடிக்கும் என்று அந்தக் கணமே தீர்மானித்துவிட்டேன்.

 அம்மா பாதி அடுக்கிய தட்டுகளை அப்படியே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். சர்வேயர் மாமா பலகையை எட்டிப் பார்த்தார். பிறகு கோப்பையில் மிச்சமிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

தம்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். “மாமா, நீங்களும் அத்தையும் ஆடுங்க.”

“இது ஒருத்தர் ஆடறதுடா கண்ணு” என்றார் அவர்.

அத்தை சிரித்தாள். “ரொம்ப நல்லாருக்கு அண்ணே” என்றாள். மூடியை மூடி, அவிழ்த்த நூலையே எடுத்து மறுபடியும் கட்டினாள். நான் அழுவதைப் பார்த்துவிட்டு, கட்டியதைப் பிரித்து, எனக்குப் பிடித்த பச்சைக் கோலியை என் கையில் வைத்தாள். “எடுத்துக்கோ. ஒண்ணு கொறஞ்சா ஒண்ணும் ஆயிடாது.”

சர்வேயர் மாமா சைக்கிளை எடுத்தபோது தம்பி மட்டும்தான் வாசல் வரை போனான். அடுத்த ஆண்டு அவர் மாற்றல் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டதாக அம்மா சொன்னாள்.

அத்தை அதன்பின் யார் வீட்டுக்கும் ஆட்டம் அனுப்பவில்லை. தட்டோடு கைக்குட்டையோ பேனாவோ போகும். எதிர்வீட்டு அம்மாளிடம் மட்டும் டிராஃப்ட்ஸ் ஆடப் போய்க்கொண்டிருந்தாள், அவர் இறக்கும்வரை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றபின் மயிலாப்பூர் லஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தாள். நான் போகும்போதெல்லாம் அந்தப் பலகை மேசைமேல் இருக்கும். பச்சைக் கோலி இருந்த குழியில் ஒரு புளியங்கொட்டை. கடைசியில் நடுவில் ஒன்றை நிறுத்த அவளுக்கு நன்றாகவே வந்தது. ஒருநாள் எந்தக் கசப்பும் இல்லாமல், “உங்கப்பா வாங்கினதுலயே இதான் ஒழைக்குது” என்றாள்.

அப்பாவும் அதன்பின் யாருக்கும் ஆட்டம் வாங்கவில்லை. தன் தங்கையின் கேள்விக்கு அவர் சொன்ன பதிலா அந்தப் பலகை, அல்லது அழகாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டு, பிரிக்கும்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று உணர்ந்தாரா? கேட்டிருக்கலாம். கேட்கும் வயது வந்தபின்னும் பல வருடங்கள் அவர் எங்களோடு இருந்தார். நான் நாட்காட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் இடது கையில் இருந்து, கடைசியில் கடை அலமாரிக்கே திரும்பிப்போன பெட்டி சதுரமானது, தட்டையானது. டிராஃப்ட்ஸ் அப்படிப்பட்ட பெட்டியில்தான் வரும். லூடோவும் அப்படித்தான் வரும். வெறும் வரைபடப் புத்தகமாகக்கூட இருக்கலாம். அது என்ன என்று இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.