கடல் கலங்கினால் பள்ளிக்கூடம்

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டச்சும் தேறி, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், அக்காவின் மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினோம் என்று வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, "ஏளா, இன்னைக்கு ஒருநாள் வீட்ல இரு" என்றாள் அக்கா. மறுநாளும் அதையே சொன்னாள். அந்த ஒருநாள் முடிகிற மாதிரித் தெரியவில்லை.

அம்மாவும் அப்பாவும் தருவைகுளத்தில் இருந்தார்கள். ஆபீசுக்குப் பக்கம் என்று நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்கா விடியுமுன்பே கருவாட்டுக் கிடங்குக்கு வேலைக்குப் போய்விடுவாள். அத்தான் சங்கு குளிப்பவர், கடலுக்குள் முங்கிச் சங்கு எடுப்பவர். அவரும் விடியலில் வள்ளம் ஏறிவிடுவார். இரண்டு பேரும் திரும்பி வரப் பிற்பகல் ஆகிவிடும். மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நடுவுள்ளவன் பள்ளிக்கூட வயதை இன்னும் எட்டவில்லை, தெருப் பிள்ளைகளோடு விளையாடிக் கிடப்பான். கடைக்குட்டி அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். நடக்கப் பழகிய பிள்ளை வீட்டுக்குள் நடந்தால் பரவாயில்லை. இவன் வாசலைக் கண்டால் கடலைப் பார்த்து ஓடுவான். அவனைப் பிடிக்கத்தான் மூத்தவள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவள் நான். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. என்னை இடுப்பில் வைத்து வளர்த்ததால்தான் அவள் படிக்கவில்லை என்பதை நான் எப்போதும் மறந்ததில்லை. அதே இடுப்பு வேலை இப்போது அவள் மகளுக்கு வந்திருப்பதை அவள் பார்க்கவே இல்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

"எழுத்துக்கூட்டி வாசிக்கா. பஸ்ஸு போர்டு பாத்துச் சொல்லுதா. இன்னும் என்ன வேணும்?" என்றாள் அக்கா.

"நானும் பஸ் போர்டோட நின்னிருந்தா இன்னைக்கு எங்க இருந்திருப்பேன்?"

"கருவாட்டுக் கிடங்குல என் பக்கத்துல இருந்திருப்ப. பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்சிருக்கும்."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய் மூத்தவளின் டீச்சரைப் பார்த்தேன். பேரை அடிக்கவில்லை, ஆனால் முழு ஆண்டுப் பரீட்சை எழுதாவிட்டால் நாலாம் வகுப்பு கிடையாது என்றார். இன்னொரு வருஷம் மூன்றாம் வகுப்பிலேயே உட்கார அக்கா அவளை அனுப்ப மாட்டாள். அது எனக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். ஆக, பரீட்சை வரைக்கும் கடைக்குட்டியைப் பிடித்துவைக்க ஒரு வழி வேண்டும். ஆள் வைக்கக் காசு கிடையாது. மூளையை வைத்துத்தான் செய்ய வேண்டும். மூளை என்னிடம் இருக்கிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

முதலில் ஒரு மரப்பெட்டி. துறைமுகத்தில் இயந்திரச் சாமான் வந்து இறங்கிய பெட்டிகளை உடைத்து விறகுக்குக் கொடுப்பார்கள். உடைக்காத பெட்டி ஒன்றை ஆபீஸ் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் கேட்டு வாங்கி, வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மேலே திறப்பு, நாலு பக்கமும் சட்டம். உள்ளே பழைய சாக்கை விரித்து, பவுடர் டப்பாவில் சிப்பி போட்டுக் கிலுகிலுப்பை செய்து தொங்கவிட்டேன். ஒரு பத்திரிகையில் படித்த யோசனை. அதில் படத்திலிருந்த குழந்தை பெட்டிக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எங்கள் கடைக்குட்டி உள்ளே வைத்த நிமிஷத்திலிருந்து தெருவே கூடும்படி கத்தினான். பக்கத்து வீட்டு மதினி வந்து எட்டிப் பார்த்து, "எந்தக் கப்பல்ல ஏத்தி அனுப்பப் போறிய இவன?" என்று கேட்டாள். இரண்டாம் நாள் நடுவுள்ளவன் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வள்ளம் ஓட்டிக்கொண்டிருந்தான். கடைக்குட்டி பெட்டிக்கு அடியில் இருந்தான். அங்கே மட்டும் அவன் அழவில்லை.

அடுத்தது நடுவுள்ளவனை வழிக்குக் கொண்டுவரும் யோசனை. தம்பியை வாசல் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ஒரு சோழி தருவேன், பத்து சோழி சேர்ந்தால் கடலை மிட்டாய் என்றேன். மதினி நடுநடுவே ஒரு கண் வைத்துக்கொள்ளச் சம்மதித்தாள். மூத்தவளுக்குத் தலை வாரி, பையை மாட்டி, நானே பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீசுக்குப் போனேன். அன்றைக்கு நான் அடித்த கடிதங்களில் ஒரு பிழை கிடையாது.

சாயங்காலம் வந்தால் வாசலில் நடுவுள்ளவன் சட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டு நின்றான். சட்டை நிறையச் சோழி.

"சித்தி, எத்தன மிட்டாய்?"

"இது எங்கன இருந்துலே வந்தது?"

"கடக்கரையில கெடந்தது."

"தம்பி?"

"அவன் சோழி பொறுக்க மாட்டேங்கான். அதான் அவன வீட்ல விட்டுட்டுப் போனேன்."

கடைக்குட்டியை மதினிதான் தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகீழாகக் கவிழப்போன நேரத்தில் காலைப் பிடித்துத் தூக்கியிருந்தாள். அக்கா கோபத்தில் என்னிடம் பேசவில்லை. அத்தானுக்கோ சிரிப்பு தாங்கவில்லை. "கடக்கரையில வந்து சோழியக் காசாக்கலாம்னு எந்தப் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்க கொழுந்தியா? எனக்கும் சொல்லியிருந்தா நான் எதுக்குத் தண்ணிக்குள்ள முங்குதேன்?" என்றார். மறுநாள் மூத்தவள் வீட்டில் இருந்தாள்.

ஜனவரி மாதம் வாடைக் காற்று ஓயவில்லை. வாடை அடித்தால் கடல் கலங்கிவிடும். கலங்கிய தண்ணீரில் சங்கு தெரியாது. குளிக்கப் போக மாட்டார்கள். அப்படி ஒரு நாள் ஆபீஸ் வேலையாகப் பழைய துறைமுகம் பக்கம் போய்விட்டு, கடற்கரை வழியாக வந்தேன். கரையேற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் அத்தானும் இன்னும் சிலரும் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள் என்பது சுற்றிக் கிடந்த பீடித் துண்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் மூத்தவள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருப்பாள்.

பெட்டி, சோழி என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த நாள்களில் எல்லாம் இந்த மனுஷர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஏன் தோன்றவில்லை? எங்கள் தெருவில் அது யாருக்கும் தோன்றாது. எஸ்.எஸ்.எல்.சி.யிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாளும் கடல் கலங்கிக் கிடந்தது. நான் கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு, மூத்தவளை மறு கையில் பிடித்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தேன். சீட்டுக்கு நடுவில் பையனை இறக்கிவிட்டேன்.

"அத்தான், இவ பள்ளிக்கூடம் போறா. இவன நீங்க பாத்துக்கிடுங்க."

எல்லாரும் சீட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் ஆரம்பித்தார். "ஏலே, ஒனக்கு ஆயா வேல போட்டுக் குடுத்துட்டுப் போறாலே ஒன் கொழுந்தியா!"

"சம்பளம் உண்டா தாயி? இருந்தா நானும் வாரேன்."

"முதல்ல அவனுக்குப் பால் குடுக்கத் தெரியுமான்னு கேளு."

அத்தானின் முகம் சிவந்துவிட்டது. எல்லார் முன்னாலும் என்னைத் திட்ட முடியாது, மனைவியின் தங்கை. கடைக்குட்டி இரண்டு சீட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். "எடுத்துட்டுப் போ" என்று அத்தான் சொல்லுவதற்குள் நான் மூத்தவளை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று கடற்கரையில் என்ன நடந்தது என்பதை மதினி சொல்லித்தான் கேட்டேன். பிள்ளை தண்ணீரைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறான். சீட்டு ஆட முடியவில்லை. கடைசியில் அத்தான் குளிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் கயிற்றை எடுத்துப் பையன் இடுப்பில் கட்டி, மறு முனையைத் தன் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு விளையாடியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் குளிப்பவர் கடலுக்குள் இறங்கினால் கயிற்றை வள்ளத்தில் பிடித்திருப்பது மனைவியின் அண்ணனோ தம்பியோதான். தன் உடன்பிறந்தாள் விதவையாக விடமாட்டான் என்று அப்படி ஒரு ஏற்பாடு. அதனால் கூட்டாளிகளுக்குக் கொண்டாட்டம். "ஏலே மச்சான், கயித்த விட்டுராத! குளியாளு உள்ள இருக்கான்!" என்று நாள் முழுக்கக் கத்தியிருக்கிறார்கள்.

சிரித்தார்களோ கத்தினார்களோ, மூத்தவள் பள்ளிக்கூடம் போனாள். அன்றிலிருந்து கலங்கல் நாளில் எல்லாம் போனாள். காலையில் அவள் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் கடற்கரைக்கு ஓடித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு வருவாள். பழுப்பாக இருந்தால் பையை எடுப்பாள். தெளிவாக இருந்தால் தம்பியை எடுப்பாள். ஜனவரியின் மிச்ச நாளில் பாதிக்கு மேல் பை. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பிப்ரவரி பாதியில் வாடை நின்றது. நாளுக்கு நாள் தண்ணீர் தெளிந்தது. வருஷத்திலேயே நல்ல குளி நடக்கும் நாள்கள் வந்துவிட்டன. அத்தான் ஒரு நாளும் தவறாமல் போனார். வீட்டில் மீன் குழம்பு மணத்தது, அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மூத்தவள் கடற்கரைக்கு ஓடிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினாள்.

ஒரு சாயங்காலம் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலிட்டு அவள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அக்கா பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். "காத்தடிக்கணும் மாதாவே. கடல் கலங்கணும். பரீட்சை முடியிறமட்டும் கலங்கியே கெடக்கணும்." அக்கா அவள் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அப்பன் வயித்துல மண்ணள்ளிப் போடவா செபம் பண்ணுத?"

மூத்தவள் அழவில்லை. "பள்ளிக்கூடம் போகத்தான் கேட்டேன்" என்றாள்.

அத்தான் வாசலில் சங்கு போடும் வலைப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஏதாவது கிண்டல் பண்ணுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலை நிமிராமல் முடிச்சைப் பிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அதுவும் எரிச்சலாக இருந்தது. மகள் மாதாவிடம் கேட்பதற்கு முன்னால் இவரிடம் கேட்டிருக்கலாம், இவரும் கொடுத்திருக்கலாம்.

பரீட்சை வந்தது. முதல் நாள் தமிழ். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மதினி ஒரு சாவுக்குத் திருச்செந்தூர் போயிருந்தாள். வேறு வழியில்லாமல் நான் கடைக்குட்டியை ஆபீசுக்கு எடுத்துப்போனேன். அந்த ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். மடிப்புக் கலையாத சேலையும் கைக்கடிகாரமுமாக நான் அங்கே சேர்த்துவைத்திருந்த மதிப்பு முழுக்க அன்றைக்கு ஒரே காலையில் போனது. பையன் கார்பன் பேப்பரைத் தின்றான். வாயும் கையும் கறுத்து, அதே கையோடு ஹெட்கிளார்க்கின் வெள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"ஏம்மா, இது ஆபீஸா, தொட்டில் கட்டுத இடமா?" என்றார் அவர்.

மேனேஜர் கத்தவில்லை. "நாளைக்கும் இப்படின்னா வீட்டிலேயே இருந்துக்கோங்க. மறுநாளும் வர வேண்டாம்" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் நான் பொரிந்து தள்ளினேன். நாளைக்குக் கணக்குப் பரீட்சை, என்னால் முடியாது, என் வேலை போய்விடும், பெற்றவர்கள் ஏதாவது செய்யுங்கள் என்றேன்.

"கிடங்குல ஒருநாள் போகலன்னா வேற ஆளப் போட்டுருவான்" என்றாள் அக்கா.

"அப்ப அத்தான்?"

"தெளிவு தண்ணியில குளியாள வீட்ல இருன்னு யாராவது சொல்லுவாளா? ஒனக்குப் படிச்ச திமிரு."

அத்தான் கை கழுவ எழுந்து போனார். மூத்தவள் கணக்குப் புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். திறந்து வைத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

விடியுமுன்பே கூட்டாளி ஒருவர் வாசலில் நின்று அத்தானைக் கூப்பிட்டார். அக்கா கிடங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அத்தான் பாயை விட்டு எழவில்லை.

"நான் வரலலே. காது வலிக்கு."

குளிப்பவருக்குக் காது வலி என்றால் அதற்குமேல் யாரும் பேச முடியாது. ஆழத்தில் காது போனால் பிழைப்பே போய்விடும். "எந்தக் காது?" என்று கேட்டார் அவர். அத்தான் வலது காதைப் பொத்திக் காட்டினார். அவர் போய்விட்டார்.

அக்கா பதறிப்போய் வேலையைக்கூட மறந்து, அடுப்பை மூட்டி, பூண்டு தட்டிப்போட்டு எண்ணெய் காய்ச்சினாள். கரண்டியோடு வந்து நின்று, "எந்தக் காது?" என்றாள்.

அத்தான் இடது காதைக் காட்டினார்.

அக்கா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு கரண்டியை ஊதி ஆற்றிக்கொண்டே, "ரெண்டுலயும் விடுதேன். சாயிங்க" என்றாள். அவரும் சாய்ந்து படுத்தார். கடைக்குட்டி அவர் வயிற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

பள்ளிக்கூட நேரம் ஆனதும் மூத்தவள் பையோடு வாசலில் தயாராக நின்றாள். எனக்கு மனசு ஆறவில்லை. காதில் எண்ணெயோடு கிடந்த அத்தானிடம் குனிந்து, "பிள்ளைக்குப் பரீட்சைன்னு அவருட்டச் சொன்னா என்ன அத்தான்?" என்று கேட்டேன்.

"சொன்னா வருஷம் பூராம் சொல்லிச் சிரிப்பானுவ."

"சிரிக்கட்டுமே."

"ஒனக்கென்ன, நீ ஆபீஸுக்குப் போயிருவ" என்றார். "பிள்ளையக் கூட்டிட்டுப் போ. நேரமாகு."

நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க எனக்கு வாய் ஓயவில்லை; ஒரு அப்பா தன் மகளுக்காக ஒரு நாள் வீட்டில் இருக்க இத்தனை பொய்யா என்று அவளிடமே கேட்டுக்கொண்டு நடந்தேன். அவள் கவனிக்கவில்லை. ஒன்பதாம் வாய்ப்பாட்டை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பது எட்டில் வந்து தடுக்கியது. "எழுபத்திரண்டு" என்றேன். "தெரியும் சித்தி, பேசாம வாங்க" என்றாள்.